சின்ன எழுத்து

பரமத்தி ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில்
மூன்றாவது வரிசை, கீழ் அட்டாளி.
குத்தவைத்து உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.
மயோனைஸ் மட்டும் ஒன்பது தினுசு.

பதினோரு வருசம் முட்டை பொறுக்கியவன் நான்.
கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால்
கீறல் எது, தோல்முட்டை எது என்று
சொல்லிவிடுவேன்.
இந்தக் குப்பிகள் கைக்கு ஒன்றும் சொல்வதில்லை.
திருப்பித் திருப்பிப் படிக்க விடுகின்றன.

சாண்ட்விச் வண்டி போட்டு ரெண்டு வருசம்.
கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் பாதி யாவாரம்.
அதில் ஒருத்தி மிருதுபாஷினி,
லேயர் கொட்டாய் பார்க்கக் கூட்டிப்போன அன்றைக்குப்
பொழுதோட வந்து சொன்னாள்:
"இனி எனக்கு முட்டை வேண்டாங்ணா. பாலும்."
ஏனென்று கேட்கவில்லை.
அந்தக் கூண்டு வரிசைக்குள் நடந்தவனுக்குக்
கேட்க என்ன இருக்கிறது.
"தேன்?" என்றேன்.
சித்த யோசித்து, "அதுவுந்தான்."

முதல் குப்பி நூற்றுப் பத்து.
பச்சைப் புள்ளி இருக்கிறது.
முட்டை இல்லையென்று கொட்டை எழுத்து.
முதுகைத் திருப்பினால் சின்ன எழுத்தில்
மில்க் சாலிட்ஸ்.
பச்சைப் புள்ளி மாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவதில் முட்டை இல்லை, பால் இல்லை,
வெறும் நம்பர்.
செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளைப் படிக்கிற மாதிரி
ஒவ்வொன்றாகப் படித்து
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்றாவது இருநூற்று அறுபத்தைந்து.
எண்ணெய், சோயா, கடுகு, எலுமிச்சை, உப்பு.
ஓரத்தில் சின்னதாய் ஓர் இலை. மூடியில் தூசி.
திறந்தால் முப்பது நாளில் தீர்க்க வேண்டுமாம்.
வாரத்துக்கு நாலு நாள் வருவாள்,
தடவைக்கு ரெண்டு ஸ்பூன்,
எப்படிப் போட்டாலும் பாதிக் குப்பி மிஞ்சுகிறது.

"பரிச்சைக்குப் படிக்கறீங்களாண்ணா?"
அட்டாளி அடுக்குகிற ஒடிசாப் பையன்.
"இது ஓடுமா தம்பி?"
"நான் வந்த பொறவு ஒண்ணு கூட வித்ததில்லீங்ணா"
என்றவன் சட்டைக் கையால் மூடியைத் துடைத்துக் கொடுத்தான்.

ருசி பார்க்காமல் வண்டியில் வைக்கிற பழக்கமில்லை.
ஊட்டிலேயே திறந்தேன்.
கொட்டாயிலிருந்து நவமணி வந்தாள்,
கையைக் கழுவினாள், மோந்து பார்த்தாள்,
மறுபடியும் கழுவினாள்.
மொறுமொறுவென்று சுட்ட ரொட்டியில் தடவி நீட்டினேன்.
தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.
"இது நாறலையே."
"இதுல முட்டை இல்ல."
"அதான்."

முட்டைக் குழம்பு வைத்த நாளெல்லாம்
எனக்கும் பையனுக்கும் ஊற்றிவிட்டு
அவள் மோர் ஊற்றிக் கரைத்துக்கொள்வாள்.
வயிறு மந்தம் என்பாள். நேரமாச்சு என்பாள்.
"எப்போ இருந்து?"
"சின்னவன் வயித்துல இருக்கறப்போ இருந்து."
பையனுக்கு இந்த ஆடி வந்தால் பதினாலு.
"சொல்லியிருக்கலாமே நவமணி."
"முட்டையில சம்பளம் வாங்கிட்டு
முட்டை நாறுதுன்னு சொல்றதா?"
விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே
அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மிருதுபாஷினி பரிச்சை லீவுக்கு
உடுமலைப்பேட்டை போய்விட்டாள்.
மொத்தம் மூன்றே சாண்ட்விச்தான் தின்றிருப்பாள்.
இருபத்திரண்டாம் நாள் குப்பி காலி.
அடியில் ஒட்டியதையும் தோசைத் துண்டால் வழித்தாயிற்று.

மறுபடியும் மூன்றாவது வரிசை.
குத்தவைத்து உட்கார்ந்தேன்.
இந்த முறை ஒன்றும் படிக்கவில்லை.
முன்னாலிருப்பதை ஒதுக்கிவிட்டு
உள்ளே கையை விட்டுப் பின்னாலிருப்பதை எடுத்தேன்.
முட்டையானாலும் இதுவானாலும்
புதுச் சரக்கைப் பின்னால்தான் வைப்பார்கள்.